ஆறாம் ஷெட்டில் யாரும் இல்லை

ஒன்றுமில்லாத இடத்தில் ஒன்றுமில்லை என்று சொன்னதற்காக நான் பட்ட பாடு இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிவிடும். யாரையும் பைத்தியம் என்று சொல்லக் கூடாதுதான். ஆனால் அந்த வருஷம் அந்த அறையில் பைத்தியம் பிடிக்காமல் இருந்தது மிஷின் ஒன்றுதான். அதற்கும் லேசாகப் பிடித்திருக்கிறது என்று கண்டுபிடித்தவள் நான்.

அறுபதுகளின் கடைசி. திருச்சிக்கு வெளியே பொட்டல் காட்டில் புதிதாக எழுந்திருந்த ஒரு தொழிற்சாலை. தலைமை அலுவலகம் பம்பாயில். வேலை செய்து பார்க்கட்டும் என்று அங்கிருந்து ஒரு கம்ப்யூட்டரை எங்களுக்கு அனுப்பியிருந்தார்கள். இரும்பு பீரோக்களை வரிசையாக நிறுத்தினதுபோல அறை முழுக்க நின்றது. அதற்குச் சூடு ஆகாது என்று அறைக்கு ஏர்கண்டிஷன் போட்டிருந்தார்கள். திருச்சி வெயிலில் அப்படி ஓர் அறை இருந்தால் கேட்க வேண்டுமா? எங்கள் அறைக்கு வராத ஆபீசரே கிடையாது. கையில் ஒரு ஃபைலோடு வருவார்கள். "எப்படி வேலை செய்யுது?" என்று கேட்டுவிட்டு, பதிலை வாங்கிக்கொள்ளாமல் அரைமணி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்கள்.

நான் உப்பிலியபுரத்துப் பக்கம். வெங்காயமும் கடலையும் போடுகிற குடும்பம். கணக்கில் பட்டம் வாங்கினேன், வேலைக்கு மனுப் போட்டேன், கிடைத்துவிட்டது. என்ன வேலை என்று அப்பாவுக்கு விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

"மிஷினு சொன்னதைக் கேக்குமா?" என்றார் அப்பா.

"சொன்னதை மட்டும்தாம்ப்பா கேக்கும்."

"அப்ப நம்ம வூட்ல இருக்கறவங்களுக்கு மேல்தான். போயிட்டு வா."

மிஷினிடம் பேசுவதற்கென்று ஒரு மொழி இருந்தது. பம்பாயில் நாலைந்து பேர் உட்கார்ந்து அதை உருவாக்கியிருந்தார்கள். அந்த மொழியில் கட்டளைகளை எழுதி, அட்டைகளில் துளை போட்டு, கட்டாக அடுக்கி மிஷினுக்குள் விட வேண்டும். மொழியிலேயே ஏதாவது தப்பு இருப்பதாகத் தெரிந்தால் பம்பாய்க்கு எழுதிப் போட வேண்டும். அவர்கள் கூடிப் பேசி, தப்புதான் என்று ஒத்துக்கொண்டால், அதைச் சரிசெய்யும் அட்டைகள் சிலவற்றைப் பார்சலில் அனுப்புவார்கள். அதற்கு நாங்கள் வைத்த பேர் ஒட்டு. கிழிந்த வேட்டிக்கு ஒட்டுப் போடுகிறோமே, அதேதான். ஓர் ஒட்டு வந்தால் ஒரு கிழிசல் மூடும், பக்கத்தில் இன்னொன்று கிழியும்.

எங்கள் பிரிவுக்குத் தலைவர் ஸ்ரீரங்கத்துக்காரர். நாற்பது வயதிருக்கும். நெற்றியில் பளிச்சென்று திருமண், அதற்குக் கீழே தடிக் கண்ணாடி, அதற்குக் கீழே ஏர்கண்டிஷனுக்காக ஒரு மஃப்ளர். எல்லாரும் அவரைச் சாமி என்பார்கள், நான் சார் என்பேன். அந்த மொழியின் கையேட்டில் எந்தப் பக்கத்தில் எந்த வரி என்று கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். விடியற்காலையில் கோயிலில் திவ்யப் பிரபந்தம் சேவிக்கும் கோஷ்டியில் நின்று பாடிவிட்டு, பஸ் பிடித்து வேலைக்கு வருவார். அந்த கோஷ்டியில் அவருடைய தாத்தா நின்ற இடம், அப்பா நின்ற இடம், இப்போது அவர் நிற்கும் இடம் எல்லாம் ஒரே இடம். மிஷினைக் கற்றுக்கொள்வதற்காக அவரை ஆறு மாதம் பம்பாய்க்கு அனுப்பியிருந்தார்கள். அதைப் பற்றி ஒருநாள் பேச்சு வந்தபோது என்னிடம் சொன்னார்.

"ஆறு மாசம் அடியேன் நின்ன இடத்துல தூண்தாம்மா நின்னுது. கோஷ்டியில ஒரு குரல் குறைஞ்சா பெருமாளுக்குத் தெரியாதா? தெரியும். எனக்கு அங்க சாதம் இறங்கலை. இன்னொரு தரம் பம்பாய்க்கு என்னை அனுப்பினா, போய்ச் சேர்றது நானா இருக்க மாட்டேன்."

அனுப்பக்கூடிய ஆபத்து இருந்தது. மிஷின் எங்களிடம் இரவல்தான். சரியாக வேலை செய்யவில்லை என்று இங்கிருந்து புகார் போனால், பம்பாய்க்காரர்கள் அதைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். மிஷின் போனால் அதைப் படித்த ஆளும் கூடவே போக வேண்டும். எங்கள் மானேஜர் இதை வாரத்துக்கு ஒருமுறையாவது ஞாபகப்படுத்துவார். "சாமி, மிஷின் எங்கேயோ நீங்க அங்கே" என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்லும்போதெல்லாம் ஸ்ரீரங்கத்துக்காரருக்கு முகம் செத்துப்போகும்.

இந்த நிலைமையில்தான் கேன்டீன்காரர் வந்தார். மருங்காபுரிப் பக்கத்து மனிதர். படித்த பெண் என்றால் அவருக்கு டீச்சர்தான், அதனால் நான் டீச்சரம்மா. செருப்பை வெளியே விட்டுவிட்டு, மிஷினுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"டீச்சரம்மா, ஆறாம் ஷெட்டுல ஆளே இல்லீங்க. கூரையே போடலை, பூட்டிக் கெடக்கு. ஆனா அஞ்சாம் ஷெட்டுக்கு எவ்வளவு டீயோ அதே அளவு அங்கயும் வெக்கணும்னு லிஸ்ட்ல வருதுங்க."

"எத்தனை நாளா?"

"மிஷினு வந்த நாள்லருந்துங்க."

"அந்த டீயை என்ன பண்றீங்க?"

"பூட்டின கதவுக்கு முன்னாடி அண்டாவை வெச்சுட்டு நிப்பேன். கொஞ்ச நேரம் பாப்பேன். யாரும் வர்லைன்னா தரையில ஊத்திட்டு வந்துருவேன். எங்க ஊர்ல ஒரு கொடம் தண்ணிக்குக் காத வழி நடக்கறோம். இங்க அண்டா டீயை மண்ணுல ஊத்தச் சொல்றீங்களே, வயிறு எரியுதுங்க."

"கொண்டுபோகாம இருந்தா என்ன?"

"மிஷினு சொல்லுதேங்க!" என்றார், என்னைப் பரிதாபமாகப் பார்த்து.

காலையில் ஒவ்வொரு ஷெட்டுக்கும் எத்தனை ஆள் வந்தார்கள் என்று ஒவ்வோர் அட்டையில் துளை போட்டு அனுப்புவார்கள். மிஷின் அதைப் படித்து டீ லிஸ்ட் அச்சடிக்கும். ஆறாம் ஷெட்டில் ஆள் இல்லாததால் அதன் அட்டையில் எண்ணைப் போடாமல் காலியாக விட்டிருந்தார்கள். அதில் தப்பில்லை. 'காலியிடம் பூஜ்யமாகக் கொள்ளப்படும்' என்று கையேடே சொல்கிறது. ஆனால் மிஷின் அப்படிக் கொள்ளவில்லை. முதல் அட்டையே காலியாக இருந்தால் பூஜ்யம் என்கிறது. ஓர் எண்ணுக்கு அப்புறம் காலியிடம் வந்தால், முந்தின எண்ணையே திரும்பச் சொல்கிறது. சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் அடுத்த ஆளுக்கு முன்னால் வைக்கிற கதை. எங்கள் புரோகிராமில் பிசகில்லை. மொழியிலேயே தப்பு. நான் அதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில், சுடச்சுட ஒரு அறிக்கை எழுதி ஸ்ரீரங்கத்துக்காரர் மேஜைமேல் வைத்தேன்.

அவர் படித்தார். மஃப்ளரை இறுக்கிக்கொண்டார். இன்னொரு தரம் படித்தார்.

"இது தப்பில்லைம்மா" என்றார்.

"சார், பூட்டின ஷெட்டுக்கு டீ போகுது சார்."

"போகட்டுமே. கையேட்டுல காலியிடம்னு போட்டிருக்கு. எந்தக் காலியிடம்னு யோசிச்சேளா? இல்லாமையில நாலு வகை உண்டு. ஒரு பானை பண்றதுக்கு முன்னாடி பானை இல்லை. அது ஒரு இல்லாமை. பானை உடைஞ்சப்பறமும் பானை இல்லை. அது வேற இல்லாமை. ரெண்டும் ஒண்ணாகுமா? முதல் அட்டை காலியா இருந்தா முன்னாடி எதுவுமே இல்லை, அது பூஜ்யம். அஞ்சாம் ஷெட்டுக்கு அப்பறம் வர காலி, நிறைவுக்கு அப்பறம் வர காலி. அதுக்கு அந்த நிறைவோட சம்பந்தம் விட்டுப்போகாது. மிஷின் ரொம்ப நுட்பமா பண்றது."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "நுட்பமாவது மண்ணாவது! ஆறாம் ஷெட்டு அட்டையில ஒரு பூஜ்யத்தைக் குத்திட்டா முடிஞ்சுபோச்சு!"

"குத்தினா, கையேடு சொன்னது பொய்னு நாமளே ஒத்துண்ட மாதிரி ஆகாதோ?"

"பொய்தானே சார்?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அம்மா, நான் மறைச்சுப் பேசலை. இந்த ரிப்போர்ட் போனா மிஷின் போகும். மிஷின் போனா நான் போகணும். தப்புன்னு சொல்லாதேள். உங்களை வேண்டிக்கறேன்."

அப்படிச் சொன்னால் என்ன செய்வது? பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்த்து இரண்டும் இரண்டும் ஐந்து என்று சொல்ல என்னால் முடியாது. நான் மானேஜரிடம் போனேன். மானேஜருக்கு மொழியும் தெரியாது, மிஷினும் தெரியாது. மிஷின் நன்றாக இருக்கிறது என்று சான்றிதழில் கையெழுத்துப் போட்டது மட்டும் தெரியும்.

"நீ சொல்றதும் நியாயமா இருக்கு, அவர் சொல்றதும் நியாயமா இருக்கு" என்றார். "ரெண்டு பேரும் எழுதுங்க. ஒரே கவர்ல போட்டு அனுப்பிடலாம். பம்பாய் முடிவு பண்ணட்டும். நான் எதிலயும் இல்லை."

ஸ்ரீரங்கத்துக்காரர் அதற்கு ஒத்துக்கொண்டார். ஆனால் இரண்டு பக்கத்தையும் தானே எழுதுவதாகச் சொன்னார். அவர் படித்த முறையில், எதிராளி சொல்வதை முதலில் எழுத வேண்டும். அதற்குப் பேர் பூர்வபட்சம். எதிராளி தானே சொன்னாலும் அவ்வளவு அழகாகச் சொல்ல முடியாது என்கிற மாதிரி எழுத வேண்டும். அதற்கப்புறம்தான் ஒவ்வொன்றாக எடுத்து உடைத்து, தன்னுடைய சித்தாந்தத்தை நிலைநாட்ட வேண்டும். பலவீனமான எதிராளியை அடிப்பது கேவலமாம். ராத்திரி பகலாக எழுதினார். மத்தியானச் சாப்பாட்டுக்குத் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே என்னிடம் வருவார். "உங்க பட்சத்துல இன்னொரு ஆட்சேபம் தோணித்து. நீங்க சொல்லலை. சேர்த்துக்கட்டுமா?" என்பார். "சேர்த்துக்குங்க சார்" என்பேன். எங்கேயாவது இந்த அநியாயம் உண்டா? எனக்காக வாதாடுகிறவரும் அவரே, என்னைத் தோற்கடிக்கிறவரும் அவரே.

முடித்துவிட்டுப் படிக்கக் கொடுத்தார். முதல் பாதியைப் படித்தபோது எனக்குப் புல்லரித்தது. என் ஒரு பக்க அறிக்கை அங்கே ராஜாத்தி மாதிரி நகை போட்டுக்கொண்டு நின்றது. நான் கனவிலும் நினைக்காத இடங்களில் எல்லாம் அந்தத் தப்பு எப்படி வெளிவரும் என்று காட்டியிருந்தார். இரண்டாம் பாதியில் ராஜாத்தியின் தலையை எடுத்துவிட்டார். அதுவும் பிரமாதமாக இருந்தது. எரிச்சலாக வந்தது. ஆனால் அப்படி எழுத இந்த ஊரில் இன்னொருத்தர் இல்லை என்றும் தோன்றியது. இரண்டையும் அவரிடமே சொன்னேன். வெட்கப்பட்டுக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தார்.

கவர் பம்பாய்க்குப் போயிற்று. பதில் வருவதற்குள் ஆறாம் ஷெட்டில் வேறு கூத்து நடந்தது. டீயை மண்ணில் ஊற்ற மனசு வராமல், கேன்டீன்காரர் அந்த வழியாகப் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டு ஊற்ற ஆரம்பித்தார். ஓசி டீ என்றால் விடுவார்களா? நாலாம் ஷெட்டு, ரெண்டாம் ஷெட்டு, கேட்டுக்கு வெளியே கல் உடைக்கிறவர்கள் என்று கூட்டம் சேர்ந்தது. லிஸ்டில் ஆறாம் ஷெட்டு என்று இருந்ததால், டீ குடிக்க வருகிறவர்கள் தங்களை ஆறாம் ஷெட்டுக்காரர்கள் என்றே சொல்லிக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் அவர்களுக்குள் யார் பழைய ஆள், யார் புது ஆள் என்று சண்டை வந்தது. சண்டையைத் தீர்க்க ஒரு செயலாளரைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தச் செயலாளர், அஞ்சாம் ஷெட்டுக்கு டீயோடு வடை தருகிறார்கள், எங்களை மட்டும் ஏன் வஞ்சிக்கிறீர்கள் என்று மானேஜருக்கு மனுக் கொடுத்தார். மானேஜர் நியாயமாகத்தான் இருக்கிறது என்று வடைக்கு உத்தரவு போட்டார். ஆயுத பூஜைக்கு நடந்த சடுகுடுப் போட்டியில் ஆறாம் ஷெட்டு அணி, அஞ்சாம் ஷெட்டு அணியைத் தோற்கடித்துக் கோப்பை வாங்கியது. கோப்பையை வைக்க இடமில்லாமல், பூட்டின கதவின் பூட்டிலேயே மாட்டித் தொங்கவிட்டார்கள்.

"பாத்தேளா?" என்றார் ஸ்ரீரங்கத்துக்காரர் என்னிடம், முகமெல்லாம் வெளிச்சமாக. "ஆறாம் ஷெட்ல ஆள் இருக்கான்னு மிஷின் முன்னாடியே சொல்லித்தே!"

நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

பம்பாய் பதில் வந்தது. மானேஜர் ஜாங்கிரி பொட்டலத்தோடு ஓடிவந்தார். சாராம்சம் இதுதான்: தப்பு ஒன்றுமில்லை, விளக்கம் முழுவதையும் ஏற்றுக்கொள்கிறோம், ஒட்டு தேவையில்லை. மொழியை உருவாக்கின தங்களுக்கே தோன்றாத ஆழத்தை இந்த விளக்கம் காட்டிவிட்டது. ஆகவே இதை எழுதியவர் உடனடியாகப் பதவி உயர்வோடு பம்பாய்க்கு நிரந்தரமாக மாற்றப்படுகிறார். கையேட்டின் எல்லா வரிகளுக்கும் அவர் இதேபோல விளக்கம் எழுத வேண்டும்.

மானேஜர் ஒரு ஜாங்கிரியை எடுத்து அவர் வாயருகே நீட்டினார். ஸ்ரீரங்கத்துக்காரர் வாயைத் திறக்கவில்லை. நாற்காலியைத் தேடிக் கையால் துழாவி உட்கார்ந்தார். மானேஜர் போன பிற்பாடு என் பக்கம் திரும்பினார்.

"அம்மா, இது தப்புன்னு எழுதுங்கோ."

"எது சார்?"

"நான் எழுதினது. அத்தனையும் தப்புன்னு எழுதுங்கோ. நீங்கதான் ஆரம்பத்துலேந்து சொல்றேளே! பம்பாய் நம்பற மாதிரி எழுதுங்கோ. என்னைக் காப்பாத்துங்கோ."

எழுத மாட்டேனா? வரிந்துகட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் ஆட்சேபத்தை எழுதி அவரிடம் காட்டினேன். படித்தார். முகம் மலர்ந்தது. அப்புறம் தலையை ஆட்டினார். "இது நிக்காதும்மா. பதினாலாவது பத்தியில இதுக்குப் பதில் சொல்லியாச்சே."

"சரி, பூட்டின ஷெட்டுன்னு சொல்லலாம்."

"இப்போ அங்க கோப்பையே தொங்கறது."

"முதல் அட்டைக்கு ஒரு நியாயம், ஆறாவது அட்டைக்கு ஒரு நியாயமான்னு கேக்கறேன்."

"கேக்கலாம். ஆனா அதுக்குத்தான் பானை உதாரணம் சொல்லியிருக்கேன். அதை உடைக்கணும்."

"உடைங்களேன் சார்! நீங்கதானே போக மாட்டேங்கறீங்க?"

"உடையணுமே! உடையறதுக்கா எழுதினேன்?"

இப்படியே ஒரு வாரம் போயிற்று. நான் ஓட்டை தேடுவேன், அவர் ஓடிவந்து அடைப்பார். அடைத்துவிட்டு, "ஐயோ, அடைச்சுட்டேனே" என்று தலையைப் பிடித்துக்கொள்வார். மூழ்குகிறவனைக் கரையேற்றப் போனால், நீந்தத் தெரியவில்லை உனக்கு என்று என் கையைத் தட்டிவிட்டால் எப்படி இருக்கும்? கேன்டீன்காரர் டீ டம்ளரோடு நின்று இதை வேடிக்கை பார்த்தார்.

"சாமி, பம்பாய்க்குப் போக மனசில்லைன்னா கொஞ்சம் தோத்துத்தான் போங்களேன்" என்றார்.

"நான் தயாராத்தாம்ப்பா இருக்கேன். அம்மா ஜெயிக்கணுமே!" என்றார் இவர்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பம்பாய்க்கு அனுப்பினதின் டைப் அடித்த நகலை எடுத்தேன். நடுவில் பிரித்தேன். பூர்வபட்சம் இருந்த முதல் பாதியைத் தனியாக உருவி, அதன் தலையில் பிழை அறிக்கை என்று எழுதினேன். இரண்டாம் பாதியை மேஜை டிராயரில் போட்டு மூடினேன்.

"இதை அனுப்பறேன். இதுக்கு மேல எவனாலயும் எழுத முடியாது" என்றேன்.

அவர் பதறிப்போய் எழுந்தார். "அது பூர்வபட்சம்மா! பதில் சொல்றதுக்காக எழுதினது. பதில் இல்லாம அதை அனுப்பப்படாது. ஆட்சேபத்தை மட்டும் சொல்லிட்டு வாயை மூடிண்டான்னா என்னைப் பத்தி என்ன நினைப்பா?"

"தப்பைத் தப்புன்னு சொன்னான்னு நினைப்பாங்க."

"பெரியவா யாரும் இப்படிப் பண்ணினதில்லை."

"பெரியவங்களை யாரும் பம்பாய்க்கு மாத்தலை சார்!"

பிரிவுத் தலைவர் கையெழுத்து இல்லாமல் எந்த அறிக்கையும் போகாது. பேனாவைத் திறந்து நீட்டினேன். வாங்கினார். கடைசி வரிக்குக் கீழே பேனா முனையை வைத்தார். கை தானாக, 'இதற்குச் சமாதானம் யாதெனில்' என்று பதிலை எழுத ஆரம்பித்துவிட்டது. பிடுங்கி, அந்தத் தாளை மறுபடி டைப் அடித்துக் கொண்டுவந்தேன். மறுபடியும் பேனா அங்கேயே போயிற்று. நான் கத்திவிட்டேன். "சார், உங்களுக்குக் கோஷ்டி வேணுமா, இந்தப் பதில் வேணுமா? ஒண்ணைச் சொல்லுங்க!"

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். என்ன எழுதுகிறோம் என்று தெரியாமல் இருக்கட்டும் என்றோ என்னவோ, கண்ணாடி இல்லாமலே கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு வெளியே வெயிலில் போய் நின்றார். மஃப்ளரைக்கூட அவிழ்க்கவில்லை. எனக்கு ஜெயித்த மாதிரியே இல்லை.

பம்பாய் பதில் சீக்கிரமே வந்தது. தப்புதான், ஒப்புக்கொள்கிறோம், ஒட்டு அனுப்பியிருக்கிறோம். இந்தத் தப்பு எல்லாக் கிளைகளிலும் இருக்கிற மிஷின்களிலும் இருப்பதால், திருச்சி மிஷினைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் பேச்சுக்கே இடமில்லை. அட பாவிகளா, இதை ஆரம்பத்திலேயே எழுதியிருந்தால் இவ்வளவும் நடந்திருக்குமா? கடைசியில் ஒரு வரி இருந்தது. முன்பு அனுப்பிய விளக்கத்தை அதன் ஆசிரியரே கைவிட்டுவிட்டதால், அவருக்கு மொழியில் இன்னும் தேர்ச்சி போதாது என்று கருதப்படுகிறது, மாற்றல் உத்தரவு ரத்து.

அந்த வரியை அவர் படித்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். கையேடு முழுக்கத் தலைகீழாகத் தெரிந்த மனிதர். "ரத்துன்னு போட்டிருக்கா இல்லையா, அது போதும்" என்று மட்டும் சொன்னார். ஒட்டு அட்டைகளை மிஷினில் ஏற்றும் உரிமை பிரிவுத் தலைவருக்குத்தான். அவரே ஏற்றினார். அன்றைய டீ லிஸ்டில் ஆறாம் ஷெட்டுக்கு நேரே பூஜ்யம் வந்தது.

பத்து மணிக்கு டீ வரவில்லை. பத்தேகாலுக்கு எங்கள் அறை வாசலில் கூட்டம். முன்னால் செயலாளர், அவருக்குப் பக்கத்தில் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு சடுகுடு கேப்டன். "எங்க டீ எங்க? எங்க வடை எங்க?" என்று ஒரே கூச்சல். மானேஜர் வெலவெலத்துப் போய்ப் பின்வாசல் வழியாக உள்ளே வந்தார். "சாமி, அந்தத் தப்பைத் திருப்பிப் போட்டுடுங்க. யாருக்கும் தெரியாது" என்று கெஞ்சினார்.

அவர் என்னைப் பார்த்தார். எழுந்து வாசலுக்குப் போனார்.

"ஆறாம் ஷெட்ல யாரும் இல்லை" என்றார்.

"அப்ப நாங்க யாருங்க சாமி?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

அதற்கு அவரிடம் அந்தப் பழைய பானைப் பதில் இருந்தது எனக்குத் தெரியும். உதடு அசைந்ததையும் பார்த்தேன். "யாரும் இல்லை" என்று இன்னொரு தரம் சொல்லிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினார். கூட்டம் கொஞ்ச நேரம் கத்திவிட்டு, அவரவர் ஷெட்டுக்குக் கலைந்து போயிற்று.

அவர் ஸ்ரீரங்கத்திலேயே இருந்தார். ஒரு விடியற்காலை கோயிலுக்குப் போய்த் தூரத்திலிருந்து பார்த்தேன். தன் இடத்தில் நின்று, கண்ணை மூடி, தொண்டை நரம்பு புடைக்கச் சேவித்துக்கொண்டிருந்தார். மனசு நிறைந்துதான் திரும்பினேன்.

ஆனால் ஆபீசில் அவர் மாறிவிட்டார். அதற்கப்புறம் நான் எத்தனையோ தப்புகளைக் கண்டுபிடித்தேன். ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டுபோய், சண்டைக்குத் தயாராக அவர் முன்னால் நிற்பேன். "தப்புதாம்மா, அனுப்பிடுங்கோ" என்பார். கையெழுத்துப் போட்டுத் தள்ளிவிடுவார். பானை இல்லை, நாலு வகை இல்லாமை இல்லை, ஒன்றும் இல்லை. அடுத்த மேஜையிலேயே உட்கார்ந்திருந்த அவரை நினைத்து நான் ஏங்கினேன் என்றால் யார் நம்புவார்கள்? சண்டை போட ஆளில்லாமல் எனக்கு வேலையே கசந்துபோயிற்று.

ஒருநாள் பொறுக்க முடியாமல் ஒரு காரியம் செய்தேன். மொழியில் மிகச் சரியாக இருந்த ஓர் இடத்தை எடுத்து, அது தப்பு என்று ஓர் அறிக்கை எழுதினேன். பச்சைக் குழந்தைகூடச் சிரிக்கும், அப்படி ஒரு அபத்தம். இதற்காவது அவருக்குக் கோபம் வரும், எழுந்து நின்று என்னை உண்டு இல்லை என்று பண்ணுவார் என்று நம்பி அவர் முன்னால் வைத்தேன்.

முதல் வரிமேல் கண்ணை ஓட்டினார். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

நான் அந்தத் தாளைப் பிடுங்கி நாலாகக் கிழித்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னாச்சும்மா?"

"தப்பா எழுதிட்டேன் சார்" என்றேன்.

"சரி" என்றார்.